சினகாகில் கைகொடுக்கப் போகிறீர்களா? புதன்கிழமை கூப்பிடுங்கள்

என் கணவர் யூதர். நான் மதம் மாறவில்லை. நியூஜெர்சியில் எங்கள் சினகாகில் (யூதர்களின் தொழுகைக்கூடம்) பதினோரு வருஷமாகப் பாத்திரம் கழுவுகிறேன், நாற்காலி மடக்குகிறேன். என்னைப் போலவே கல்யாணம் செய்துகொண்டு வந்த நம் பெண்கள், "அங்கே எப்படிப் பழகுவது?" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன். எங்களுடையது கன்சர்வேட்டிவ் பிரிவு. ரிஃபார்மில் கொஞ்சம் தளர்வு இருக்கும், ஆர்த்தடாக்ஸில் இன்னும் கறார்.

முதல் விஷயம், உதவி வேலைக்குப் பெயர் கொடுக்கச் சனிக்கிழமை போகாதீர்கள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை ஷபாத் என்னும் ஓய்வு நாள்; எழுதுவதில்லை, போன் இல்லை, பணம் இல்லை. நான் முதல் நாளே பேனாவை வெளியே எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் கைப்பையின் வாயைத் திறந்து காட்டினார். வார நடுவில் அலுவலகத்துக்குப் போன் செய்து, எப்போது வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் சினகாகில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு பல இடங்களில் கதவு பூட்டியே இருக்கிறது. வாசலில் காவலர் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்ன வேலை வேண்டும் என்று கேட்டால் சமையலறை என்று சொல்லுங்கள். சனி காலைத் தொழுகை முடிந்ததும் கித்துஷ் என்று எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. ஷபாத்தில் சமைக்கக் கூடாது என்பதால் வியாழன், வெள்ளியிலேயே எல்லாம் முடிந்தாக வேண்டும். காபிப் பாத்திரத்தின் சுவிட்சைக்கூட வெள்ளி மாலையே போட்டுவிடுவோம்.

நான் முதல் வாரம் வீட்டிலிருந்து ஒரு சட்டி சுண்டல் கொண்டுபோனேன். சமையலறைப் பொறுப்பாளர் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் சமையலறைக்குள் வீட்டுப் பாத்திரம் நுழையாது. இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட். கழுவும் ஸ்பாஞ்சுகூட வேறு வேறு நிறம். வட்டத்துக்குள் 'யு' மாதிரி கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்தான் உள்ளே போகும். அடுத்த வாரம் அவரே அங்கிருந்த கொண்டைக்கடலையையும் சட்டியையும் கொடுத்தார். அடுப்பை மட்டும் அவர் பற்றவைத்தார். யூதர் அல்லாதவர் சமைப்பதில் அப்படி ஒரு விதி உண்டு, இன்றும் அப்படித்தான். ருசி பார்த்துவிட்டு "இது எங்கள் ஆர்பஸ் ஆச்சே!" என்றார். ஆண் குழந்தை பிறந்தால் அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி வந்த யூதர்) வீடுகளில் வெள்ளி இரவு உப்பும் மிளகும் போட்ட கொண்டைக்கடலை வைப்பார்களாம்.

அப்புறம் கீரை. பூச்சி கோஷர் அல்ல, அதனால் ஒவ்வொரு இலையையும் அலசி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்ந்து வளர்ந்தவர்களுக்கு இதில் சீக்கிரம் நல்ல பெயர் கிடைக்கும்.

யூத வேதமான தோரா படிக்க மேடைக்கு அழைப்பது, இறந்தவர் உடலைக் கழுவுவது இதெல்லாம் யூதர்களுக்கே உரியவை. கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனைக்கு யூதர்கள் பத்துப் பேர் வேண்டும். பத்தாவது ஆளாக உங்களால் உட்கார முடியாது. ஆனால் வார நாள் மாலையில் கார் ஓட்ட முடியாத பெரியவரைக் கூட்டிவந்தால் அந்தப் பத்தாவது ஆள் உங்கள் காரிலிருந்துதான் இறங்குவார்.

சுக்கோத் என்ற பந்தல் பண்டிகைக்குப் பந்தல் போட எப்போதும் ஆள் போதாது. நோன்பு நாளான யோம் கிப்பூருக்கும் அதற்கும் நடுவே நாலே நாள்தான். கூரைக்குத் தழை போதும். நிழல் விழ வேண்டும், நட்சத்திரமும் தெரிய வேண்டும். ஏணி இருந்தால் எடுத்துப் போங்கள்.

ஷிவா, அதாவது துக்கம் காக்கும் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதுதான் எனக்குப் பெரிய வேலையாகத் தோன்றுகிறது. அடக்கம் முடிந்து ஏழு நாள். நம் ஊர் துக்க வீடு மாதிரியே முதல் சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். அவித்த முட்டை, பருப்பு. மணி அடிக்காதீர்கள், கதவு திறந்தே இருக்கும். துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை நீங்கள் பேச்செடுக்காதீர்கள். அவர்கள் தாழ்வாக உட்கார்ந்திருப்பார்கள், உங்களை உபசரிக்க மாட்டார்கள். சாப்பாட்டைத் தூக்கிப்போடும் அலுமினியத் தட்டில் கொண்டுபோங்கள். உங்கள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரும் வேலையை அவர்களுக்கு வைக்காதீர்கள்.