வடசென்னையில் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களின் பேச்சே மாறிவிட்டது. "வடசென்னையா?" என்று முகம் சுளித்தவர்கள் இன்று தரகரோடு காலடிப்பேட்டைத் தெருக்களில் வீடு தேடுகிறார்கள். தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ரயில் நிலையத்தைப் பார்த்த கண்ணோடு மண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடுகிறார்களே என்று மனம் பதைக்கிறது.

மண் யாருடையது என்று விசாரிக்காததுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. திருவொற்றியூர் பழைய கோயில் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்கள் அங்கே உண்டு. கட்டடம் அவர்களுடையது, மண் கோயிலுடையது. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி, உரிய அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. "சுற்றி எல்லோரும் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்" என்ற சமாதானம் நீதிமன்றத்தில் நிற்காது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. பதிவாகாத உயில் அதில் தெரியாது; வழக்குகள் எல்லாமும் அதில் வந்துவிடாது. சொத்து முன்பு கைமாறி வந்ததைக் காட்டும் தாய்ப்பத்திரத்தையும் நில அளவைப் பதிவேட்டு நகலையும் கையில் வாங்கி, நீங்களே அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டுங்கள். விற்பவர் அழைத்துவரும் வழக்கறிஞர் வேண்டாம். அரசு வாரியம் கட்டி ஒதுக்கிய குடியிருப்புகளில் ஒதுக்கீட்டாணையையும் அதிகாரப் பத்திரத்தையும் (பவர்) மட்டும் காட்டி விற்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

அடுத்தது, கோடையில் மட்டும் வீடு பார்ப்பது. வியாசர்பாடியில் என் சித்தப்பா மே மாதத்தில் பார்த்த தரைத்தள வீடு பளபளவென்றிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் கட்டில் வரை நீர் ஏறியது. "இங்கே தண்ணீர் நிற்காது" என்று சத்தியம் செய்த தரகர் அதன்பின் போனை எடுக்கவில்லை. கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றை ஒட்டிய பகுதிகளில், தரகரை விட்டுவிட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். எதிர்வீட்டுச் சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். தெரு மட்டத்துக்குக் கீழே இறங்கிப்போன வாசற்படியே பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

"மெட்ரோ ஐந்து நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பி, ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. திங்கள் காலை எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். நடுவில் ரயில்வே கேட் இருக்கலாம். எண்ணூர் விரைவுச்சாலைப் பக்கமானால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை இருக்கும். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் வாடை மாலையில் எந்தப் பக்கம் அடிக்கிறது, மணலி ஆலைகளின் நெடி இரவில் வருகிறதா என்பதும் அங்கே ஒரு சாயங்காலம் நின்றால்தான் தெரியும்.

புதிய அடுக்குமாடியில் சதுரஅடி விலையை மட்டும் பேசாதீர்கள். சுவருக்குள் புழங்கும் பரப்பு எவ்வளவு, அடியிலுள்ள மண்ணில் உங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பத்து வருடம் கழித்துக் கட்டடம் பழசாகும்போது உங்களிடம் மதிப்போடு நிற்பது அந்தப் பங்கு மண்தான். வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. கேட்டால் மறுத்துவிடுங்கள். முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் தனியாகப் பணம் ஒதுக்காமல் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடிய குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.