வண்டி மிஸ்ஸிங் அடித்தால் எங்கே தொடங்குவது?

ஐடிலில் (வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது) பெட்ரோல் கார் உதறுகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் இழுவை இல்லை, என்ஜின் லைட் எரிகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. லைட் விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், அது பெரிய செலவு.

முதலில் ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுதைப் படிக்கும் கருவி) செருகி, அது காட்டும் பழுது எண்ணை, அதாவது கோடை (code), பாருங்கள். பி0302 என்றால் 2-வது சிலிண்டர், பி0303 என்றால் 3-வது. பி0300 வந்தால் குறிப்பிட்ட சிலிண்டர் என்று சொல்ல முடியாது, அப்போது காற்றுக் கசிவு, பெட்ரோல் பிரஷர் பக்கம் தேட வேண்டும்.

பி0302 என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனி இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தரும் coil) இருக்கிற வண்டியாக இருந்தால், என்ஜினை அணைத்து ஆறவிட்டு, 2-வது காயிலையும் 3-வது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, கோடை அழித்துவிட்டு கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பத்து பைசா செலவில்லாத சோதனை, ஆனால் இதைச் செய்யாமலேயே நாலு காயிலையும் மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு.

கோடு நகரவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். கரி படிந்திருக்கிறதா, வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் டாப்பெட் கவர் (என்ஜின் மேல்மூடி) பேக்கிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளக் போட்டும் பிரயோஜனமில்லை. புதுப் பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள், கோணலாக ஏறினால் ஹெட்டின் மரை போய்விடும். அப்புறம்தான் டார்க் ரென்ச் (சரியான அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்).

அதுவும் சரியாக இருந்தால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும், கடைசியாக சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு மிகவும் குறைந்தால் வால்வோ ரிங்கோ போயிருக்கலாம், அது ஒர்க்‌ஷாப் வேலை.