தெக்கோங் பயிற்சியின் 24 கிலோமீட்டர் நடைக்குக் கால்களைத் தயார்செய்வது எப்படி

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குச் சேருபவர்கள் அடிப்படை ராணுவப் பயிற்சி பெறும் தீவான புலாவ் தெக்கோங்கில் ரெக்ரூட் பயிற்சியை முடிக்க முடியாமல் போகிறவர்களில் பலர் பலவீனமானவர்கள் அல்ல. கால் புண்ணாகியும் காய்ச்சல் வந்தும் பயிற்சிகளைத் தவறவிட்டவர்கள். உடம்பைப் பேணுவதும் பயிற்சிதான்.

சேருமுன் ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வில் 61 புள்ளி எடுத்தால், முழு உடற்தகுதி உள்ளவர்களுக்குச் சேவைக்காலம் 2 மாதம் குறையும். 100 புள்ளியில் 50 ஓட்டத்துக்கே. அந்த 2.4 கிலோமீட்டர் ஓட்டம் என்பது 400 மீட்டர் திடலில் 6 சுற்று. 12 நிமிடத்தில் முடிக்கச் சுற்றுக்கு 2 நிமிடம். முதல் சுற்றில் பாய்ந்தால் நான்காவதில் கால் இழுக்கும்.

இனி கால். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம். நடைக்கு இரண்டு நாள் முன்பே நகத்தை நேராக வெட்டுங்கள்; ஓரத்தைக் குடைந்தால் சதைக்குள் வளரும். விரலிடுக்கில் பவுடர் போட்டு, உள்ளே மெல்லிய காலுறை, மேலே தடித்த காலுறை அணியுங்கள். பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கி, விரல் பக்கம் சற்றுத் தளர்த்துங்கள். குதிகாலில் சூடாக உறுத்தினால் அடுத்த ஓய்விலேயே பிளாஸ்திரி ஒட்டுங்கள். ‘முடித்துவிட்டுப் பார்க்கலாம்’ என்பவருக்குத்தான் தோல் உரியும். பாதி வழியில் காலுறையை மாற்றுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் மேல்தோலைப் பிய்க்க வேண்டாம், கிருமி புகும்.

பையில் கனமானதை முதுகை ஒட்டி மேல்பக்கம் வையுங்கள். காட்டில் தங்கிப் பயிலும் ஃபீல்டு கேம்ப்புக்கு ஒவ்வொரு நாள் உடையையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மழை பெய்தாலும் மாற்றுடை காய்ந்திருக்கும்.

எல்லாரும் சேர்ந்து தண்ணீர் குடிக்கும் ‘வாட்டர் பரேட்’ நேரத்தில் மட்டும் குடித்தால் போதாது. சாப்பாட்டையும் ஒதுக்காதீர்கள், வியர்வையில் போகும் உப்பு அதில்தான் திரும்பக் கிடைக்கிறது. தலை சுற்றினால், குமட்டினால் உடனே சார்ஜண்டிடம் சொல்லுங்கள். வெப்பத் தாக்குதல் உயிரைப் பறிக்கும், மறைப்பது வீரமாகாது.

ஃபீல்டு கேம்ப்பில் எஸ்ஏஆர்-21 துப்பாக்கி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தூங்கும்போதும். எண்ணெயை மெல்லப் பூசினால் போதும். அதிகமானால் மண் ஒட்டிச் சிக்கும்.

நிறைவு அணிவகுப்பன்று காலைப் பசியாறாமல் போகாதீர்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள், வெளியே தெரியாது.