ஏஜென்ட் தடுமாறாமல் இருக்க, கருவிக் குறிப்பை எப்படி எழுதுவது?

சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து நெல் ஆலைகளுக்குக் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுப்பது என் தொழில். இப்போது ஆலைக்காரர் சிலர், திரையில் தேடிக்கொண்டிருக்காமல் ஏஐ ஏஜென்டிடம், அதாவது நம் சார்பில் மென்பொருளை இயக்கும் ஏஐயிடம், தமிழில் கேட்டே கணக்கெடுக்க விரும்புகிறார்கள். அப்படிக் கேட்கும்போது, எந்தக் கருவியை (இருப்புப் பார்ப்பது, கொள்வனவு பதிவது போன்று மென்பொருள் செய்துகொடுக்கும் ஒரு செயலை) எந்த விவரத்தோடு அழைப்பது என்று ஏஜென்டே முடிவு செய்கிறது. மென்பொருள்களை ஏஐயோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரொபிக் நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறையான மாடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோலில், அதாவது எம்சிபியில், அதற்குக் கிடைப்பவை முக்கியமாக மூன்று: கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டுக்கான ஜேசன் ஸ்கீமா (என்னென்ன விவரம், எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை). உங்கள் கோட் உள்ளே எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அங்கே தெரியாது. ஆகவே இந்த மூன்றையும் கவனமாக எழுத வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் ஆலைக்குப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நெல் கொண்டுவந்தவரிடம் கணக்குப் பார்க்கும் காக்கா (அண்ணன்) என்னென்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். "எந்தப் போகத்து நெல்? காய்ஞ்சதா, பச்சையா? மூடையோட நிறையா, மூடை கழிச்சா?" அவர் வாய்விட்டுக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் கருவியில் ஒரு புலத்தின், அதாவது நிரப்ப வேண்டிய ஒரு விவரத்தின், விளக்கமாக வர வேண்டும். மனிதர் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவார். ஏஜென்ட் பல நேரம் கேட்காமல் ஒன்றை ஊகித்துக்கொண்டு போய்விடும்.

போகத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்போகம் ஓர் ஆண்டின் கடைசியில் விதைத்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அறுப்பது. 2025 பெப்ரவரியில் வாங்கிய நெல்லுக்கு "ஆண்டு" என்ற புலத்தில் 2024 போடுவதா, 2025 போடுவதா? நம் ஊரில் 2024/2025 பெரும்போகம் என்று சொல்லிப் பழகியதால் இது நமக்குக் குழப்பமாகவே தோன்றாது. ஏஜென்டுக்கு எழுதும்போது இப்படி எழுதுங்கள்: "விதைத்த ஆண்டைக் கொடு. 2025 பெப்ரவரியில் வாங்கிய பெரும்போக நெல்லுக்கு 2024." விதி ஒரு வரி, உதாரணம் ஒரு வரி. போகம் என்ற புலத்தில் எதையும் எழுதலாம் என்று விடாமல், பெரும்போகம், சிறுபோகம் என்ற இரண்டை மட்டும் ஏற்கும்படி ஸ்கீமாவிலேயே கட்டிவிடுங்கள்.

அளவும் இப்படித்தான். மூடை ஒரே நிறையில் வருவதில்லை. அதனால் "அளவு" என்று வெறுமனே பெயர் வைக்காமல் "நிறை_கிலோ" என்று வையுங்கள். சாக்கு கழித்த நிறையா என்பதையும் சொல்லுங்கள். திகதியை 2025-03-04 என்ற வடிவில் கேளுங்கள். 04/03/2025 என்று வந்தால் மார்ச்சா, ஏப்ரலா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அடையாள அட்டை இலக்கத்தை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகக் கேளுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களோடு ஓர் எழுத்தும் இருக்கும், புதியதில் 12 இலக்கங்கள்.

கருவிக்குப் பெயர் வைப்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்வதைப் பெயரிலேயே சொல்லுங்கள். ஆனால் எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். "நெல் இருப்புக்கு மட்டும். குற்றிய அரிசியின் இருப்புக்கு அரிசி_இருப்பு கருவியை அழை." ஒன்றுபோல் தெரியும் இரண்டு கருவிகளைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை.

சரி, இனி மிகவும் கவலைப்பட வேண்டிய இடம். இருப்புப் பார்ப்பது வெறும் வாசிப்பு; எத்தனை தடவை அழைத்தாலும் எதுவும் மாறாது. கொள்வனவைப் பதிவது அப்படியல்ல. விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும், அவர் கணக்கில் பணம் ஏறும். இதை விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "பதிந்ததும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் போகும். அழைக்கும் முன் பெயர், நிறை, விலை மூன்றையும் பயனரிடம் காட்டிச் சம்மதம் வாங்கு."

அடுத்தது மறுமுயற்சி. இணைப்பு இழுபட்டுப் பதில் வராவிட்டால் ஏஜென்ட் மறுபடி அழைக்கக்கூடும். ஒரே லோட் நெல் இரண்டு தடவை பதிவாகிவிடும். இதற்கு அழைக்கும் ஏஜென்டே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோரிக்கை இலக்கம் தரும்படி வையுங்கள். அதே இலக்கம் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பற்றுச்சீட்டையே திருப்பிக் கொடுங்கள். குறிப்பிலும் எழுதுங்கள்: "பதில் வராவிட்டால் அதே கோரிக்கை இலக்கத்தோடு மறுபடி அழை. புதிய இலக்கம் போடாதே." வாசிப்பு மட்டும், அழிக்கக்கூடியது, மறுபடி அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லாதது என்று கருவிக்கு அடையாளம் போட எம்சிபியில் வசதி உண்டு. போடுங்கள். ஆனால் அவை குறிப்பு மட்டும்தான், பூட்டு அல்ல. யாருக்கு எதைச் செய்ய அனுமதி என்ற கட்டுப்பாடு உங்கள் சேர்வரில் இருக்க வேண்டும். விவசாயியின் ஒரு போகத்து உழைப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது. இதில் சோம்பல் கூடாது.

பிழைச் செய்தியும் குறிப்பின் ஒரு பகுதிதான். "பிழை 400" என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் கண்டபடி மாற்றி மாற்றி முயன்று பார்க்கும். "நிறை 0ஐ விடக் கூடுதலாக இருக்க வேண்டும். நிறை தெரியாவிட்டால் பயனரிடம் கேள், ஊகிக்காதே" என்று வந்தால் அடுத்து செய்ய வேண்டியது தெளிவு. வெறும் பதிலையும் பிரித்துச் சொல்லுங்கள்: இருப்பு 0 கிலோ என்பது வேறு, அந்தப் போகத்துக்குப் பதிவே இல்லை என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால், பதியாத நெல்லை விற்றுத் தீர்ந்த நெல் என்று முதலாளியிடம் சொல்லிவிடும்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கருவிகளின் விளக்கமும் ஏஜென்டின் வேலை நினைவில் இடம் பிடிக்கும். மென்பொருளின் வரலாறு, விளம்பர வரிகள் எதுவும் வேண்டாம்.

எழுதி முடித்ததும் புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, ஆலையில் உண்மையாகக் கேட்கும் கேள்விகளை அதே பேச்சில் கேளுங்கள். "போன போகத்து சம்பா எவ்வளவு கிடக்கு?" பதிலைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், எந்தக் கருவியை, எந்த மதிப்புகளோடு அழைத்தது என்று அழைப்புகள் பதிவாகும் லொக்கைத் திறந்து பாருங்கள். தவறு இருந்தால் அந்தப் புலத்தின் விளக்கத்தைத் திருத்தி, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். கோடில் ஒரு புலத்தை மாற்றும் நாளில் அதன் விளக்கத்தையும் அப்போதே மாற்றி, இரண்டையும் ஒரே கொமிட்டில் (கோட் மாற்றத்தைச் சேமிக்கும் ஒரே பதிவில்) போடுங்கள்.