ஒரு ‘எனவே’ செய்த கெடுதல்

அண்மையில், என்னிடம் தொழில் பழகும் ஒருவர் எழுதிய ஆளுமைச் சோதனை அறிக்கை திருத்தத்துக்கு வந்தது. “மரபுப் பற்று மிகுதி, எனவே அறிவுத் தேடல் குறைவு” என்று எழுதியிருந்தார். அந்த ‘எனவே’ சுருக்கென்று தைத்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே சொல்லைப் போட்டு ஒருவருக்குக் கெடுதல் செய்திருக்கிறேன். மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டுவதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கூட்டல் சரியாக இருக்கும்போதும் நேர்கிற தவறுகள்தான் கவலை.

பழமையை விரும்புகிறவர் சிந்திக்காதவர் என்று முடிவுகட்டுவது

ஒரு நிறுவனத்தின் ஆய்வுக் குழுவுக்கு ஆள் பொறுக்கித் தரச் சொன்னார்கள். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். வழிவழியாக வந்ததை மாற்றக் கூடாது என்ற வகை வரிகளுக்கெல்லாம் ‘முழுதும் உடன்படுகிறேன்’ என்று குறித்திருந்தார். நவீன ஓவியமும் பிடிக்காது, புதுக்கவிதையும் பிடிக்காது. ‘எனவே அறிவுத் தேடல் குறைவு’ என்று எழுத நான் கொஞ்சமும் தயங்கவில்லை. என் அறிக்கையைப் பார்த்து அவரை ஆவணக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். அவர் மேசையில் நீளமான குறிப்பேடு ஒன்று விரிந்து கிடந்தது. ஒரே பழைய செய்யுளை மூன்று பதிப்புகளிலிருந்து பக்கம் பக்கமாக எழுதி, வேறுபடும் சொற்களுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில், ‘ழகரமா, ளகரமா? ழகரம் என்றால் எதுகை இடிக்கிறதே’. பல ஆண்டுகளாகப் பாடபேதம் பார்க்கிறாராம்! நான் தேர்ந்தெடுத்த புதுமை விரும்பிகள் எவரும் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அறிக்கையை மாற்றித் தருகிறேன் என்றேன். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

தவறு எங்கே என்றால், நான் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தேன். உளவியலாளர்கள் கோஸ்டாவும் மெக்ரேயும் 1992-இல் வெளியிட்ட வினாத்தொகுப்பில் ‘அனுபவங்களுக்குத் திறந்த மனம்’ என்ற பண்புக்கு ஆறு கிளைகள்: கற்பனை, அழகுணர்வு, உணர்வுகள், செயல்கள், கருத்துகள், விழுமியங்கள். மரபை மறுபடி எடைபோடும் மனத்தை அளக்கும் விழுமியங்கள் கிளையில் மதிப்பெண் தாழ்ந்தவர், அறிவுத் தேடலை அளக்கும் கருத்துகள் கிளையில் உச்சத்தில் நிற்கலாம். அவர் நின்றார். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. சிந்திப்பதில் ஒருவருக்கு எவ்வளவு இன்பம் என்று அளக்கவே கசியோப்போவும் பெட்டியும் 1982-இல் தனி அளவுகோல் உருவாக்கியிருந்தார்கள். அதையும் எடுக்கவில்லை.

உள்ளுணர்வு எழுத்தை அறிவாளிப் பட்டமாகச் சூடுவது

மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை ஆட்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நான்கெழுத்துப் பெயர் தருகிறது. அந்த நான்கெழுத்தில் ‘உள்ளுணர்வு’க்கான எழுத்து விழுந்துவிட்டால் சிலருக்குத் தலைகால் புரிவதில்லை. அது விருப்பத்தைச் சொல்கிறது, திறமையைச் சொல்லவில்லை. அதுவும் அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது. மதிப்பெண்கள் பெரும்பாலும் நடுவில்தான் குவிகின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று நூலிழையில் பிரித்துவிட்டு, எதிரெதிர் வகை என்கிறோம்.

அகமுகத்தவர் (தமக்குள் ஒதுங்கி இருப்பவர்கள்) எல்லாம் படிப்பாளிகள்

இல்லை.

ரசனை முழுவதையும் ஆளுமையின் கணக்கில் எழுதுவது

உளவியலாளர்கள் ரென்ட்ஃப்ரோவும் காஸ்லிங்கும் 2003-இல் இசை விருப்பங்களை நான்காகப் பிரித்தார்கள். திறந்த மனத்தோடு ஒட்டிவந்த ஒரு பிரிவில் ஜாஸ், புளூஸ் ஆகியவற்றோடு செவ்விசையும் நாட்டுப்புற இசையும் இருந்தன. பழைய கலையை ரசிப்பது ஒன்று, பழைய ஒழுங்குக்குக் கட்டுப்படுவது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள்தான் எங்கள் துறையில் அதிகம். மேலும் ரசனையும் ஆளுமையும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.3 என்றால், ஆளுமையால் விளக்கப்படுவது ரசனை வேறுபாட்டில் 9 சதவீதம்தான். மீதியில் வளர்ந்த வீடும் படித்த படிப்பும் எவ்வளவு இருக்கின்றன என்று கேளுங்கள். சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979-இலேயே பிரெஞ்சு மக்களின் ரசனையை வர்க்கத்தோடும் கல்வியோடும் சேர்த்து வைத்துக் காட்டிவிட்டார்.

ஆளெடுப்புக்குப் பயன்படுத்துவது

மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை வெளியிடுகிறவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

தொழில் பழகும் அவருக்கு அந்த ‘எனவே’யைச் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று கேட்டார். கருத்துகள் கிளையின் மதிப்பெண் நான்காம் பக்கத்தில் இருக்கிறது, முதலில் அதைப் புரட்டுங்கள் என்றேன்.