ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பி சர்வீஸைத் தள்ளிப்போடும் முன்

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், டீசலுக்கும் டயருக்கும் அடுத்து வருகிற பேச்சு எஞ்சின் ஆயில்தான். "அவரு 30,000 கி.மீ. ஓட்டறாருங்க, நாம எதுக்கு 20,000லயே மாத்தணும்?" கேள்வி நியாயமானது. 15, 20 லிட்டர் ஆயில், ஃபில்டர், அதற்காக வண்டி நிற்கிற நேரம், இதையெல்லாம் பத்து வண்டிக்குக் கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு நல்ல தொகை வருகிறது. ஓடுகிற ஆயிலை லேபில் டெஸ்ட் பண்ணி, இன்னும் தாங்குமா என்று பார்த்துத் தள்ளிப்போடுவது சரியான வழிதான், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் டெஸ்ட் பண்ணுகிறோம் என்ற தைரியத்திலேயே எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

முதல் தவறு, ஓட்டிவிட்டு அப்புறம் டெஸ்ட் பண்ணுவது. மேனுவலில் 20,000 என்று போட்டிருக்கும் வண்டியை 30,000 வரை இழுத்துவிட்டு, அப்போதுதான் ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்புகிறார்கள். ரிப்போர்ட் மோசமாக வந்தால் தேய்மானம் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும். நன்றாக வந்தாலும், ஆயில் எப்போதிலிருந்து இறங்கத் தொடங்கியது என்று அந்த ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது மாற்றுகிற கிலோமீட்டரிலேயே, 10,000 ஓடியதும் ஒன்று, 20,000 ஓடியதும் ஒன்று என்று சாம்பிள் எடுத்து இரண்டு மூன்று சர்வீஸ் பாருங்கள். எண்கள் சீராக வந்தால் 2,500 கூட்டுங்கள், மிஞ்சிப்போனால் 5,000. கூட்டுகிற ஒவ்வொரு தடவையும் மறுபடி டெஸ்ட். கூடவே, டின்னில் இருக்கிற புது ஆயிலையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புதுசில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், பழசில் எவ்வளவு குறைந்தது என்று எப்படிக் கணக்குப் போடுவது? டூப்ளிகேட் ஆயில் வாங்கியிருந்தால் அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணுவது அடுத்தது. டிப் ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்து, "கருப்பாப் போச்சுங்க, மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொல்வார். டீசல் எஞ்சினில் ஆயில் கருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எரியும்போது வருகிற கரியை எஞ்சினுக்குள் படியவிடாமல் தன்னோடு ஏந்திக்கொண்டு சுற்றுவதுதான் அதன் வேலை. எவ்வளவு கரியை ஏந்தியிருக்கிறது என்பதுதான் விஷயம், அதை விரல் சொல்லாது. விரல் சொல்கிற ஒரே உருப்படியான சேதி, ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதுதான். அப்போது லேபுக்குக்கூட அனுப்ப வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சாம்பிள் எடுக்கிற இடத்திலேயே பல ரிப்போர்ட் கெட்டுப்போகிறது. ஒரு பட்டறையில் நான் நேரில் பார்த்தது இது: ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலையில் டிரெயின் போல்ட்டைக் கழற்றி, முதலில் கொட்டுகிற ஆயிலை யாரோ குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டிலில் பிடித்து மூடினார்கள். அடியில் படிந்த கசடு, போல்ட்டைச் சுற்றியிருந்த மண், பாட்டிலில் ஒட்டியிருந்த தண்ணீர், எல்லாம் சேர்ந்து லேபுக்குப் போனது. வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அந்த ஓனர் இரண்டு நாள் தூங்கவில்லை.

வண்டி டிரிப் முடித்து வந்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே, நிறுத்திய கால் மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கையால் இழுக்கிற சின்ன பம்ப் கிடைக்கிறது, அதில் புது டியூபை மாட்டி டிப் ஸ்டிக் ஓட்டை வழியாக விடலாம். டியூபை முதலில் டிப் ஸ்டிக்கோடு வைத்து அளந்து, நுனி ஆயிலின் நடுவில் தொங்குகிற மாதிரி அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள், அடியில் போய் முட்டக் கூடாது. ஒரு வண்டிக்குப் போட்ட டியூபை இன்னொரு வண்டிக்குப் போடவே கூடாது. பம்ப் இல்லையென்றால் போல்ட்டைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு மூன்று லிட்டர் போகவிட்டு, நடுவில் ஓடுகிற ஆயிலை லேப் கொடுத்த பாட்டிலில் பிடிக்கலாம் (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சூடான ஆயில் தோலை உரித்துவிடும்). சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் டாப்-அப் ஊற்றாதீர்கள். எடுத்த பாட்டிலை கேபினில் போட்டு இரண்டு வாரம் ஊர் சுற்றவிடாமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

டாப்-அப் என்றதும் ஞாபகம் வருகிறது, இதை எழுதி வைக்காமல் விடுவது பெரிய ஏமாற்று. 15 லிட்டர் பிடிக்கிற எஞ்சினில், ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் டிரைவர் வழியில் 5 லிட்டர் ஊற்றியிருந்தால், மூன்றில் ஒரு பங்கு புது ஆயில். எஞ்சின் தேய்ந்து ஆயிலில் கலக்கிற இரும்பின் அளவு குறைந்து தெரியும், ஆயிலின் பலம் கூடித் தெரியும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், எஞ்சினோ ஆயில் குடிக்கிற எஞ்சின்! டிரிப் ஷீட்டிலேயே ஆயிலுக்கு ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். ஆயில் ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் ஓடிய மொத்தக் கிலோமீட்டர், ஆயில் பிராண்ட், கிரேடு, எத்தனை லிட்டர் ஊற்றியது, இவ்வளவும் பாட்டில் லேபிளில் இருக்க வேண்டும்.

இனி ரிப்போர்ட்டைப் படிக்கிற விஷயம். பெரும்பாலானவர்கள் கடைசி வரியில் "நார்மல்" என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் டிப்பர் ஒன்று குவாரி ஓட்டத்தில் இருக்கிறது. 10,000 கி.மீ. ஓடியதும் எடுத்த சாம்பிளில் சிலிக்கான் 24 பிபிஎம் (பத்து லட்சத்தில் 24 பங்கு), அலுமினியம் 9, இரும்பு 58. லேப் "நார்மல், தொடர்ந்து பயன்படுத்தலாம்" என்று எழுதியிருந்தது, அவர்கள் வைத்திருக்கிற எல்லைக்கு அது உள்ளேதான். நான் போன தடவை தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே 10,000 கி.மீ.க்கு அப்போது சிலிக்கான் 8, அலுமினியம் 3, இரும்பு 31. மண்ணில் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்தே இருப்பதால் இரண்டும் ஒன்றாக ஏறினால் உள்ளே தூசி போகிறது என்று அர்த்தம், இரும்பு ஏறினால் அந்தத் தூசி லைனரை (சிலிண்டரின் உள்சுவரை) அரைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரில் இருந்து டர்போவுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தோம். திருநீறு மாதிரி மெல்லிய தூசி ஒட்டிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் கிளாம்ப் தளர்ந்திருந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு, தினமும் ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி ஊதி, மடிப்புகளில் பேப்பரே விட்டுப்போயிருந்தது. கிளாம்ப், ஹோஸ், ஃபில்டர் மூன்றையும் மாற்றினோம். அதைக் கவனிக்காமல் "நார்மல்" என்பதை நம்பி 25,000 ஓட்டியிருந்தால் எஞ்சினை இறக்க வேண்டி வந்திருக்கும்.

அதற்காக ஒரு எண் ஏறியதுமே பயப்படவும் வேண்டாம். எஞ்சின் வேலை பார்த்து கேஸ்கட்டுக்கு சிலிக்கான் பேஸ்ட் தடவியிருந்தால், சிலிக்கான் மட்டும் தனியாக ஏறும், இரும்பும் அலுமினியமும் அசையாது. செம்பு மட்டும் ஏறி, ஈயமும் தகரமும் சும்மா இருந்தால், பெரும்பாலும் ஆயில் கூலரில் இருந்து கரைந்து வந்ததாக இருக்கும். மூன்றும் சேர்ந்து ஏறினால்தான் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், சோடியம் தங்கிவிடும். அதனால் "தண்ணீர் இல்லை" என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. அளவைத் தனியாகப் பார்க்காமல் 1,000 கி.மீ.க்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 20,000ல் இரும்பு 40 என்றால் ஆயிரத்துக்கு 2. 30,000ல் 60 வந்தாலும் அதே 2தான், கவலை இல்லை. 90 வந்தால் 3, தேய்மானத்தின் வேகமே கூடியிருக்கிறது.

ஆயிலின் கெட்டித்தன்மையும் ஏமாற்றும். 15டபிள்யூ-40 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் 12.5க்கும் 16.3க்கும் (சென்டிஸ்டோக் கணக்கில்) நடுவில் இருக்க வேண்டும். கரி சேர்ந்தால் ஆயில் கெட்டியாகும், டீசல் கலந்தால் தண்ணியாகும். இரண்டும் ஒன்றாக நடந்தால் எண் நடுவிலேயே நின்று எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி காட்டும். அதனால் கரி எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்கிற டெஸ்டாகக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இது இன்னும் முக்கியம். புகைக் குழாயில் இருக்கிற ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க, பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகின்றன. அந்தக் கரி எரிப்பு பாதியில் நின்று நின்று போனால் டீசல் ஆயிலில் இறங்கும். "ஆயில் குறையவே இல்லீங்கண்ணா" என்று டிரைவர் சந்தோஷமாகச் சொல்வார். குறையாமல் இருப்பது, அதைவிட டிப் ஸ்டிக்கில் ஏறியிருப்பது, டீசல் கலந்ததற்கான அடையாளமாக இருக்கலாம்.

டிபிஎன் என்று ஒரு எண் இருக்கும், எரிபொருளில் இருந்து வருகிற அமிலத்தை முறிக்க ஆயிலிடம் மிச்சமிருக்கிற பலம். புதுசில் 10 இருந்து 5க்கு வந்தால் மாற்றிவிடு என்பது பழைய கணக்கு, அது தப்பில்லை. ஆனால் அதை அளக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஏஎஸ்டிஎம் டி2896 முறையில் எண் கூடுதலாக வரும், டி4739 முறையில் குறைவாக வரும். டின்னில் போட்டிருக்கிற எண் ஒரு முறை, லேப் கொடுத்தது வேறு முறை என்றால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இன்னொன்று, பிஎஸ்-4 காலத்தில் 50 பிபிஎம் இருந்த கந்தகம் இப்போது டீசலில் 10தான், அதனால் டிபிஎன் மெதுவாகவே இறங்கும். அது நன்றாக இருப்பதை மட்டும் பார்த்து ஆயிலே நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

லேப் மெஷினுக்கும் கண் கொஞ்சம் மங்கல். வழக்கமான டெஸ்ட் சுமார் 5 முதல் 10 மைக்ரான் வரைக்கும் உள்ள துகளைத்தான் பார்க்கும், தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். பேரிங் சட்டென்று உரியும்போது வருகிற பெரிய செதில் ரிப்போர்ட்டில் வராமலே போகலாம். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, பேப்பரை விரித்து வெயிலில் பாருங்கள், மினுமினுப்பு தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஆயிலை நீட்டுகிறோம் என்று ஃபில்டரையும் அப்படியே நீட்டுவது இன்னொரு தவறு. ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போகும். நீட்டுகிற கிலோமீட்டரைத் தாங்குகிற ஃபில்டரா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நடுவில் ஃபில்டரை மட்டும் மாற்றிவிடுங்கள். வாரன்ட்டி இருக்கிற வண்டியில், கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் மேனுவல் கிலோமீட்டரைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

கடைசியாக, ஒரு வண்டியின் ரிப்போர்ட்டை வைத்து எல்லா வண்டிக்கும் கூட்டுவது. மணிக்குச் சராசரி 40 கி.மீ. ஓடுகிற லைன் வண்டி (நெடுந்தூரம் ஓடுகிற லாரி) 20,000 கி.மீ. போக 500 மணி நேரம் ஆகும். குவாரியில் லோடுக்கு எஞ்சின் ஓட நின்று, சராசரி 15 கி.மீ. போகிற டிப்பருக்கு அதே 20,000க்கு 1,300 மணி நேரத்துக்கு மேல். மீட்டரில் ஒரே எண், ஆயில் பட்ட பாடு வேறு. எங்களிடம் லைன் வண்டிகள் இப்போது 30,000ல் நிற்கின்றன. அந்த டிப்பரை 15,000க்கே இறக்கிவிட்டேன், கிளாம்பை மாற்றிய பிறகு எடுத்த சாம்பிளில் சிலிக்கான் 9.