வளவுக்குள்ள என்ன விளையாடலாம்? சின்னப் புள்ளைகளுக்கு காசு செலவில்லாத ஐடியா கொஞ்சம்

லீவு விட்டு ரெண்டு நாள் போகாது, "அம்மா நான் என்ன செய்யிற" எண்டு புள்ள பின்னாலயே திரியும், நாமளும் சமையலை முடிக்கோணுமே எண்டு போனைக் குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருவம், எல்லார் வீட்டயும் நடக்கிறதுதான். போனைப் பறிச்சு ஒளிச்சு வைங்க எண்டு சொல்ல வரல்ல. வெளியில விட்டா புள்ள என்ன செய்யும் எண்டு தெரியாமத்தான் பாதிப்பேர் உள்ளுக்கே வச்சிருக்கிறம், அதுக்குத்தான் இது. 2 வயசில இருந்து 6 வயசு வரைக்கும் உள்ள புள்ளைகளுக்கு, கடைச் சாமான் ஒண்டும் வேணாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 3, 4 வயசுப் புள்ள ஒரு நாளைக்கு 3 மணித்தியாலமாவது உடம்பை அசைச்சு விளையாடோணும், அதில 1 மணித்தியாலம் நல்லா மூச்சு வாங்க ஓடிப் பாயோணும், ஸ்கிரீன் 1 மணித்தியாலத்துக்கு மேல வேணாம் எண்டு. 3 மணித்தியாலமா எண்டு மலைக்காதீங்க, ஒரே இருப்பில இல்ல, காலையில கொஞ்சம் பின்னேரம் கொஞ்சம், கடைக்கு நடந்து போறதும் சேர்த்தி.

இன்னொண்டு. இந்த வயசுக்கு விளையாட்டுச் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. நம்மட வேலை சாமானை எடுத்து வச்சுக் குடுக்கிறது, மறுகா கண் எட்டுற தூரத்தில குந்திக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. வாயை மூடுறதுதான் கஷ்டம். "அப்பிடி இல்ல மனே, இப்பிடிச் செய்" எண்டு ஒருக்கா ஆரம்பிச்சா புள்ள அதோட எழும்பி வந்து "போன் தாங்க" எண்டு நிக்கும், சோதிச்சுப் பாருங்க.

நேரம் முக்கியம். நம்மட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கத்து வெயில் தெரியும்தானே, தென்மேற்கால கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல 10 மணிக்கே முத்தத்து மண்ணில கால் வைக்கேலாது. காலையில வெள்ளன 9 மணிக்குள்ள ஒரு சுத்து, பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஒரு சுத்து, இடையில மாமர நிழல் இருந்தா சரி இல்லாட்டி வேணாம். தொப்பி, ஒரு போத்தல் தண்ணி. "வெயில்ல விட்டா புள்ள கருத்துப் போகும் புள்ள" எண்டு மாமி சொல்லுவா, "பின்னேரத்து வெயில்தானே மாமி, நீங்களும் வந்து இருங்களன்" எண்டு கதிரையைத் தூக்கி நிழல்ல போட்டுடுங்க. அவ வந்து இருந்தா உங்களுக்கு ஒரு காவல் ஆள் கிடைச்ச கணக்கு.

ஒரு பழைய வாளி எடுத்து அதுக்குள்ள இதுகளப் போட்டு வைங்க: சிரட்டை அஞ்சாறு, பழைய அகப்பை, விளிம்பு கையை வெட்டாத பால்மா பேணி, சில்லு மூடி, துண்டு பைப், பெயின்ட் பிரஷ், கொடிக்கயிறு ஒரு துண்டு. இதுதான் விளையாட்டுச் சாமான் முழுக்க.

மண் புட்டுல இருந்து தொடங்குவம், ஏனெண்டா மட்டக்களப்பு அம்பாறைக் கரையோரம் முழுக்க மணல்தான், குறைவே இல்ல. ஒரு மூலையில மணலைக் குவிச்சு அதில தண்ணியத் தெளிச்சுக் குழைக்கோணும், ஊத்தப்படாது. கையில பிடிச்சா கொழுக்கட்டை பிடிக்கிற பதத்தில நிக்கோணும், விரலுக்கால தண்ணி வடிஞ்சா கூடிப்போச்சு. அதைச் சிரட்டைக்குள்ள அமத்தி, கவுத்து, மேல ரெண்டு தட்டுத் தட்டித் தூக்கினா முழுசா ஒரு புட்டு நிக்கும். முதல் ரெண்டு மூண்டு உடையும், உடையட்டும், நீங்க கை வைக்காதீங்க, மணல் காய்ஞ்சிருந்தா தண்ணி வேணுமெண்டு அதுவாக் கண்டுபிடிக்கும், அந்த இடத்தில முகத்தைப் பாக்கோணும். பைப் துண்டு இருந்தா குழல் புட்டு, பின்னால கம்பால தள்ளோணும். உதிர்ந்த முருங்கைப் பூ தேங்காய்ப்பூ ஆகிரும், வேப்பிலை கறி ஆகிரும், அரை மணித்தியாலத்தில ஒரு கடையே போட்டு உங்களுக்கு 500 ரூபாய்க்குப் புட்டு விப்பாங்க. வாங்கித்தான் ஆகோணும், மிச்சக்காசும் கேளுங்க. விளையாடி முடிஞ்சா மணலைப் பழைய சாக்கால மூடி விடுங்க, இல்லாட்டி ராவைக்குப் பூனை வந்து அதுக்குள்ள கக்கா இருந்துட்டுப் போகும், அதாலயும் புழுக்கோளாறு வரும்.

தண்ணிப் பெயின்ட் எண்டு ஒண்டு இருக்கு, இதுதான் எனக்குப் பிடிச்சது, ஏனெண்டா ஆயத்தம் 1 நிமிஷம். ஒரு பேணியில தண்ணி, ஒரு பிரஷ், மதில் சுவர். பிரஷ் இல்லாட்டி தேங்காய் மட்டைத் துண்டொண்டை நுனியில தட்டித் தும்பாக்கினா போதும். சுவரில வட்டம் கீறுவாங்க, அம்மாவைக் கீறுவாங்க, "அ" எழுதுவாங்க, எழுதி முடிக்க முன்னம் முதல் எழுத்து காஞ்சு போகும், திருப்பி எழுதுவாங்க. சுவர் பழுதாகாது, சட்டை மட்டும் நனையும். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீட்டோட வீடு ஒட்டி இருக்கும், வளவெண்டு பெரிசா இல்ல, அப்பிடியான ஆக்களுக்கு இது நல்லாச் சரிவரும், ஒழுங்கைப் பக்கத்து மதிலே போதும், ஆட்டோ மோட்டபைக் வராத நேரமாப் பாத்து நீங்களும் நில்லுங்க. ஆனா தண்ணி பேணியில மட்டும். 2, 3 வயசுப் புள்ள பக்கத்தில நிறைஞ்ச வாளியோ பேசினோ வச்சுட்டு உள்ளுக்குப் போகப்படாது, ஒரு சாண் தண்ணியே காணும் ஆபத்துக்கு.

மறுகா இலை ஓலை. பூவரசம் இலை பீப்பீ நம்மள்ல கனபேருக்கு இன்னும் கை மறக்காது. முத்தல் இலை வெடிக்கும், பழுத்தது சத்தம் வராது, நடுத்தர இலை எடுத்து ஓரத்தில இருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை ரெண்டு விரலால நசுக்கித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தை உதட்டுக்குள்ள வச்சு ஊதினா "பேஏஏ" எண்டு கத்தும். சுருட்டுறது உங்கட வேலை, ஊதுறது அவங்கட வேலை, பக்கத்து வீட்டாக்கள் பொறுக்கோணும்.

காத்தாடிக்கு பச்சைத் தென்னோலையில ரெண்டு கீத்து எடுத்து ஈர்க்கை உரிச்சுட்டு, ஒரு சாண் அளவுக்கு வெட்டி, கூட்டல் அடையாளம் மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு நடுவில ஈர்க்கால குத்துங்க. ஓட்டை கொஞ்சம் பெரிசா இருக்கோணும், இல்லாட்டிச் சுத்தாது. 4 முனையையும் ஒரே பக்கத்துக்கு லேசா முறுக்கி விடுங்க, ஒண்டு மாறி முறுக்கினாலும் நிண்டுரும். கழண்டு போகாம ஈர்க்கு நுனியில ஓலைத் துண்டைச் சின்னனா மடிச்சுக் குத்தி விட்டா முடிஞ்சுது. பிடிச்சுக்கொண்டு ஓடினாத்தான் சுத்தும், அதால புள்ள தானா ஓடும், ஓடு ஓடு எண்டு சொல்லத் தேவையில்ல. ஈர்க்குக் கூர் மட்டும் கண்ணில படாம நுனியை மழுக்கிக் குடுங்க.

சவுக்கார முட்டைக்கு, அதுதான் சோப்புக் குமிழிக்கு, கடைப் போத்தல் வேணாம், பப்பாசித் தண்டு இருக்கே, உள்ளுக்கு ஓட்டைதான். வெட்டி, பால் வடிய விட்டு நல்லாக் கழுவோணும், அந்தப் பால் தோலைக் கடிக்கும். அரைக் கப் தண்ணிக்கு கோப்பை கழுவுற லிக்விட் 2 தேக்கரண்டி, சீனி அரைத் தேக்கரண்டி, கரைச்சு கொஞ்ச நேரம் வச்சுட்டு எடுங்க, சீனி போட்டா முட்டை சுறுக்கா உடையாது. சின்னப் புள்ளைகள் ஊதாம உறிஞ்சிப் போடுவாங்க, அதுக்கு ஒரு வழி இருக்கு: வாய் வைக்கிற பக்கத்துக்கு 2 விரல் தள்ளி ஊசியால ஒரு சின்ன ஓட்டை போட்டு விடுங்க, உறிஞ்சினா அதால காத்து வரும், சவுக்காரத் தண்ணி லேசில மேல ஏறாது.

ஓடுற விளையாட்டுக்கு வருவம். கிளித்தட்டு, எட்டுக்கோடு எல்லாம் அருமையான விளையாட்டு, ஆனா 4 வயசுப் புள்ளைக்கு அந்தச் சட்டம் ஏறாது, அவுட் எண்டு சொன்னா அழுதுகொண்டு வரும். கிட்டிப்புள் கண்ணுக்கு ஆபத்து, பெரிய புள்ளைகள் விளையாடுற இடத்துக்கும் சின்னதுகளை விடாதீங்க. இந்த வயசுக்கு வெண்டவன் தோத்தவன் இல்லாத விளையாட்டுத்தான் நல்லம் எண்டது என்ட அபிப்பிராயம், தோக்கப் பழகட்டுமே எண்டு சிலர் சொல்லுவாங்க, அதுக்குப் பள்ளிக்கூடம் போன பிறகு தேவைக்கு மேலயே இடம் கிடைக்கும். பின்னேரம் 5 மணிக்கு நிழல் நீளமா விழும், அப்ப நிழல் மிதி: "என்ட நிழலை மிதி பாப்பம்" எண்டு நீங்க ஓடுங்க, வளைஞ்சு போங்க, மதில் நிழலுக்குள்ள போய் ஒளிச்சா நிழல் காணாமப் போறதை அவங்களே கண்டுபிடிப்பாங்க. தென்னையில இருந்து கேற் வரைக்கும் நண்டு நடை, தவளைப் பாய்ச்சல், கெந்தல். கொடிக்கயித்தை நிலத்தில வளைச்சுப் போட்டு அதுக்கு மேல விழாம நடக்கிறது. நுங்கு கிடைச்சா திண்டு முடிச்சு கோதை எறியாதீங்க, ரெண்டு கோதை ஒரு கம்பில கோத்து, கவர்த்தடியால தள்ளினா வண்டில்.

ஓடிக் களைச்ச பிறகு உடனே உள்ளுக்குக் கூப்பிடாதீங்க. மரத்துக்குக் கீழ இருத்தி கண்ணை மூடச் சொல்லி "என்ன கேக்குது" எண்டு கேளுங்க. காகம், அணில், யாரோ தேங்காய் துருவுறது, பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, தூரத்தில பாண்காரன்ட ஆட்டோப் பாட்டு. அந்தப் பாட்டு பீத்தோவன் போட்ட மெட்டு எண்டு நம்மள்ல எத்தின பேருக்குத் தெரியும், நம்மட புள்ளைகளுக்கு அது மாலு பணிஸ் (மீன் பணிஸ்) பாட்டுத்தான். கேட்டவுடன கண்ணைத் திறந்து ஓடிருவாங்க, அதோட விளையாட்டு முடிஞ்சுது.

கடற்கரைக்குப் போறதெண்டா கல்லடியில அலை சட்டெண்டு இழுக்கும், கரை சரிவு, சின்னதுகளைக் கால் நனைக்கக் கூட கையைப் பிடிச்சுக்கொண்டுதான். பாசிக்குடா கனதூரம் ஆழமில்லாம இருக்கும் எண்டாலும் கையெட்டுற தூரத்தில நீங்க நிக்கோணும். நவம்பரில இருந்து பெப்ரவரி வரைக்கும் வாடையில கடல் கொந்தளிப்பு, தண்ணிப் பக்கமே வேணாம். திருக்கோவில், ஒலுவில் எங்கெண்டாலும் காய்ஞ்ச மணல்லயே எவ்வளவோ இருக்கு. ராவணன் மீசை எண்டு ஒரு புல், உருண்டையா முள்ளு முள்ளாக் காய்க்கும், காஞ்சு விழுந்தா காத்தில மணலுக்கு மேல உருண்டு உருண்டு ஓடும், அதைத் துரத்திப் பிடிக்க விடுங்க, செருப்புப் போட்டு, தொடுறதெண்டா தண்டைப் பிடிச்சு. நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல, காத்தே விளையாட்டுக் காட்டும். நண்டுக் கால் தடத்தைப் பிடிச்சுக்கொண்டு வளை வரைக்கும் போறதும் நல்ல வேலை, வளைக்குள்ள விரல் விடப்படாது எண்டு முதலே சொல்லுங்க. ஷொப்பிங் பேக்கில நூல் கட்டினா பட்டம், முடிஞ்சதும் கையோட வீட்ட கொண்டு வாங்க.

மழை பெய்தா நனைய விடலாம், 10 நிமிஷத்தில ஒண்டும் ஆகாது, துடைச்சு உடுப்பு மாத்தினாச் சரி. இடிச் சத்தம் கேட்டா மட்டும் அந்த நிமிஷமே உள்ளுக்கு. கான் தண்ணியிலயும் வயல் வெள்ளத்திலயும் இறக்காதீங்க, எலிக்காய்ச்சல் அதாலதான். கப்பல் விடுறதெண்டா மழைத்தண்ணி பிடிச்ச பேசின் இருக்கு, வாழை மடலை ஒரு சாண் வெட்டிப் போட்டா கடதாசிக் கப்பலை விட நல்லா மிதக்கும், மேல சிரட்டைச் சில்லு ஏத்தி எத்தின ஏத்தினாத் தாழும் எண்டு பாப்பாங்க. முடிய பேசினைக் கவுத்துருங்க.

வெளியில விட முன்னம் வளவை ஒருக்காச் சுத்திப் பாருங்க. கிணத்துக்குக் கட்டும் மூடியும் இருக்கா. மஞ்சள் அலரி நிக்குதா, அந்தக் கொட்டையைச் சில புள்ளைகள் கொக்கான் வெட்ட எடுக்கிறது, கடிச்சா இதயத்தைத் தாக்கும், பொறுத்துப் பாப்பம் எண்டு இருக்கப்படாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி, 1990 நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும். குண்டுமணி வடிவா சிவப்பா இருக்கும், அதுவும் விஷம்தான், கோர்த்து விளையாடக் குடுக்காதீங்க. 3 வயசுக்குக் கீழ எண்டா புளியங்கொட்டை, சின்னக் கல்லு, சோகி ஒண்டும் கைக்குப் போகப்படாது, நேரா வாய்க்குத்தான் போகும். சருகுக் குவியல், விறகுக் கட்டு, ஓட்டுக் குவியல் பக்கம் பாம்பு தேள் கிடக்கும், அந்த மூலைக்கு ஒரு கயிறு கட்டி "இதுக்கு அங்கால இல்ல" எண்டு காட்டிக் குடுங்க. வாயால சொல்லுறதை விட கயிறு கேக்கும்.

கடைசியா அந்த வாளி. சிரட்டையும் பேணியும் முத்தத்தில நிமிந்து கிடந்து மழை பெய்தா ஒரு கிழமை காணும் டெங்கு நுளம்பு பெருக, PHI (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாத்தா தண்டமும் கட்டோணும். விளையாடி முடிய எல்லாத்தையும் புள்ளையக் கொண்டே பொறுக்கிக் கவுத்து அடுக்க வைங்க, "எத்தின அடுக்கினம் எண்டு எண்ணுவம்" எண்டா அதுவும் ஒரு 5 நிமிஷ விளையாட்டு. பிறகு சவுக்காரம் போட்டுக் கை, கால், நகத்துக்குள்ள மண், எல்லாம் தேய்ச்சுக் கழுவிட்டுச் சோத்தைப் போடுங்க, அண்டைக்குச் சாப்பாட்டுக்குப் பின்னால திரிய வேண்டி வராது.